பரிசத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறியவள்

களமருதூர்
14 ஜூன் 2025

மாமா,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

மாசியிலிருந்து உங்கள் போன் நம்பர் வேலை செய்யவில்லை. நீங்கள் கல்வராயன் மலையில் பிச்சைமுத்து என்பவரிடம் டிராக்டர் ஓட்டுவதாகவும், அவர் காட்டுப் பக்கம் டவரே கிடையாது என்றும் வெள்ளிமலை பஸ் கண்டக்டர் சொன்னார். போன வாரம் வெள்ளிமலை டீக்கடை சாலம்மாள் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். "கேட்டுப் பாத்துட்டேம்மா, அது தலைய ஆட்டுது, பேசமாட்டேங்குது" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. சரி, பேசவேண்டாம், படித்தாலாவது போதும் என்று எழுதுகிறேன். கடைசியாக நான் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில், தெருவிளக்கு கேட்டு ஆணையருக்கு. அவரும் பதில் போடவில்லை.

நான் பாஸ் ஆகிவிட்டேன் மாமா. எந்தத் தேர்வில் என்று உங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த விமான நிறுவனம் பயிற்சி விமானிகளை எடுக்கிறது. பயிற்சிச் செலவில் ஒரு பங்கை அவர்களே ஏற்கிறார்கள், மீதி நம் பொறுப்பு. முடித்தவுடன் அவர்களிடமே துணை விமானி வேலை. முதல் தேர்வு, இரண்டாவது தேர்வு, இன்டர்வியூ எல்லாம் தாண்டிவிட்டேன். இதுவரை என்ன வண்டி ஓட்டியிருக்கிறாய் என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். மாமாவின் டிராக்டர் என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதற்கப்புறம் பயமே போய்விட்டது.

இப்போது நிற்பது ஒரே இடத்தில். மீதிச் செலவுக்குக் கள்ளக்குறிச்சி வங்கியில் கல்விக் கடன் கேட்டிருக்கிறேன். அதற்கு நிலத்தை அடமானம் காட்ட வேண்டும். தாத்தாவின் நிலம் உங்கள் பேரிலும் அம்மா பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கடன். வங்கியின் உறுதிக் கடிதம் ஜூலை பதினொன்றாம் தேதிக்குள் போகாவிட்டால், என் இடம் எனக்கு அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

அம்மா போட்டுவிடுவாள் என்று நினைக்காதீர்கள். அவள் என்னோடு பேசுவதில்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்: "என் தம்பி போட்டா நானும் போடறேன். அவன் கை படாத எடத்துல என் கை படாது."

அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாலு வரி எழுதி நாலையும் அடித்துவிட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போடுவதாக இருந்தால் இன்னொரு முறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

செந்தமிழ்ச்செல்வி


வெள்ளிமலை
20 ஜூன் 2025

செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. சாலம்மாள் கடையில் நாலு பேர் முன்னால் கிழித்தால் அந்த நாலு பேருக்கும் கதை சொல்ல வேண்டும், அதனால்தான்.

கையெழுத்து கிடையாது. முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியைப் படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

நீ அடித்துவிட்ட நாலு வரியை நான் எழுதுகிறேன். நமக்குப் பரிசம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், விழுப்புரத்தில் உன் சிநேகிதி ரம்யா வீட்டில் மருதாணி வைத்துக்கொண்டு விடிவதற்குள் வந்துவிடுகிறேன் என்றாய். அக்கா திட்டினாள். நான்தான் உனக்காகப் பரிந்து பேசினேன். பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் விட்டேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். நாளைக்கு என்ன கலர் சட்டை போடட்டும் என்று கேட்டேன். நீலம் என்றாய். பஸ் கிளம்பும்போது எவளாவது முகம் தெரியாதவள்கூட "போய்ட்டு வரேன்" என்பாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. மருதாணி நினைப்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

என் பரிசத்திலிருந்து எனக்குப் பேசின பெண்ணைத் தப்ப வைக்க நானே பெட்ரோல் போட்டுக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இந்த ஜில்லாவில் வேறு எவனாவது இப்படிச் செய்திருப்பானா?

மறுநாள் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். தட்டு வரிசையெல்லாம் வந்தாயிற்று. உன் பெரியப்பா ஆரம்பித்தார்: "இன்னா மாப்ள, பொண்ணு மருதாணி வச்சிக்கினு வருதா, இல்ல விழுப்புரத்தையே வாங்கிக்கினு வருதா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் ரம்யா போன் செய்தாள். நீ சென்னையில் பரீட்சை ஹாலில் இருக்கிறாய் என்று தெரிந்தது. தட்டுகள் திரும்பிப் போயின. பந்தியில் மட்டும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வடை கம்மி என்று குறை வேறு.

இப்போது நிலம் வேண்டுமாம். பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதையும் விட்டான் என்று ஒரு பழமொழி உண்டு. அதிலாவது பறக்க ஆசைப்பட்டவனும் விட்டவனும் ஒரே ஆள். நீ பறக்கிறதுக்கு ஆசைப்படுவாய், இருக்கிறதை விடவேண்டியவன் நானா? பெண்ணும் போய் மண்ணும் போனால் என்னை எவன் மதிப்பான்?

இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். என்னை யாருக்கும் தெரியாது, அது ஒன்றே போதும்.

தமிழரசன்


களமருதூர்
24 ஜூன் 2025

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என்னை யாராவது கேட்டீர்களா? பால்வாடியில் விட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "இது ஆரு, தமிழரசன் பொண்டாட்டியா?" ஆயம்மா கேட்பாள், ரேஷன் கடைக்காரர் கேட்பார், பஸ்ஸில் கண்டக்டர் கேட்பார். நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்பீர்கள். எனக்குக் காது குத்தும்போது உங்கள் மடியில்தான் உட்கார வைத்தார்கள். வலி தாங்காமல் உங்கள் கையைக் கடித்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதல்லவா? நான் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலைக் குடிசை கட்டினது நீங்கள். அப்பா லாரியில் அடிபட்டுச் செத்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுப் பக்கம் பார்க்கவிடாமல் தெருத்தெருவாக நடந்தது நீங்கள். அந்த மடியில் உட்கார்ந்த நான், அந்தத் தோளில் தூங்கிய நான், எப்படி மாமா? எனக்குத் தோன்றாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

உங்களைப் பிடிக்காமல் இல்லை. பிடித்திருந்ததால்தான் ஓடினேன். பிடிக்காத ஆளாக இருந்திருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன்.

பரிசத்துக்கு முன்பே அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு மாமாவக் கட்டிக்க இஷ்டம் இல்லம்மா" என்று சோறு போடும்போது சொன்னேன். "அவன வுட்டா உன்ன ஆரு பாத்துக்குவா? அவனத்தான் ஆரு பாத்துக்குவா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பு ஊற்றினாள். உங்களிடம் சொல்லத்தான் மோட்டார் கொட்டகைக்கு வந்தேன். நீங்கள் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். "நம்ம வூட்டுக்கும் இதே கலர்தான் செல்வி, மீந்துடும்" என்றீர்கள். அதற்கப்புறம் என்னத்தைச் சொல்வது?

நீலம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? அது உங்களுக்கு நன்றாக இருக்கும், அதனால்தான். பொய்யாகவே பேசிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஜன்னல் பக்கம் ஏன் திரும்பவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். திரும்பியிருந்தால் இறங்கியிருப்பேன்.

வங்கி மேனேஜர் விஜயலட்சுமி மேடம் நல்லவர். "தேதிய நான் தள்ள முடியாதும்மா, ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்கிறார். பெரியப்பாவிடம் போய் அவர் நிலத்தைக் காட்டலாமா என்று கேட்டேன். "பரிசத்துக்கு வெச்ச சோத்துக்கே நான் இன்னும் பதில் சொல்லிக்கினு இருக்கேன்" என்று கதவைச் சாத்தினார். வேறு யாரிடம் போவேன்? கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் மற்றவர்களின் சர்டிபிகேட்டை மெஷினில் வைத்து வைத்து எடுக்கிறேன். இந்த இடம் போனால் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அதே மெஷின்தான். எனக்கு மூச்சு முட்டுகிறது மாமா.

என்னைத் தண்டியுங்கள். பேசாதீர்கள், என் முகத்தில் விழிக்காதீர்கள், ஊர் பூராவும் என்னை ஓடுகாலி என்று சொல்லுங்கள். இந்தத் தண்டனை மட்டும் வேண்டாம்.

செல்வி


வெள்ளிமலை
30 ஜூன் 2025

செல்விக்கு,

உன் கடிதத்தில் மடியில் உட்கார்ந்த பக்கத்தை ஒரு தடவைதான் படித்தேன். இரண்டாவது தடவை முடியவில்லை. தழும்பு இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் பஸ் ஸ்டாண்டில் நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ததாக ஆகிவிடும். போன வியாழக்கிழமை அக்கா இங்கே வந்திருந்தாள். மலை வளைவில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே, மடியில் முறுக்குத் தூக்கோடு வந்து இறங்கினாள். சாலம்மாள் கடையில் உட்கார வைத்துச் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ கையெழுத்துப் போடாத இருடா. கடைசி நாள் கிட்ட வந்தா அவளே வழிக்கு வருவா. ஆடி பொறக்கறதுக்குள்ள கழுத்த நீட்டுவா, பாரு."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டேன்.

அவளைத் திட்டாதே. அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். எனக்கு ஒன்பது வயதில் நீ பிறந்தாய். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து "உனக்குப் பொண்ணு பொறந்திருக்குடா" என்றாள். ஒன்பது வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்பது மட்டும்தான் தெரிந்தது. உன்னை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். என்னை மட்டும் எவன் கேட்டான்? ஆசைப்பட்டேனா, பழகிப்போனேனா என்று இங்கே ராவும் பகலும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஆனால் பழகிப்போனதை விடுவது பீடியை விடுவதைவிடக் கஷ்டம். பீடியை இரண்டு தடவை விட்டவன் சொல்கிறேன்.

பிச்சைமுத்து அண்ணன் குச்சிக்கிழங்குக் காட்டில் உழுகிறேன். சரிவு ஜாஸ்தி. வண்டி கொஞ்சம் அசந்தால் பள்ளத்தில். அப்போதெல்லாம் நீ இதைவிட மேலே போய் எப்படி ஓட்டுவாய் என்று நினைப்பு வருகிறது. கோபத்திலும் அந்த நினைப்பு வந்துதான் தொலைக்கிறது.

கையெழுத்து, கையெழுத்து என்று இரண்டு கடிதமும் எழுதிவிட்டாய். கேட்க வேண்டியதை நீ இன்னும் கேட்கவில்லை. அது என்ன என்று நம் வழியில் வந்த பெண்ணுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அதைக் கேட்டுவிட்டால் கையெழுத்தெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?

தமிழரசன்


களமருதூர்
5 ஜூலை 2025

மாமா,

புரிந்துவிட்டது. நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்கிறேன்.

சம்மதம். என்னைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு முகூர்த்தம் இருக்கிறதாம், கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம் என்கிறாள். மஞ்சள் வாங்கியாகிவிட்டது. மாசியிலிருந்து என்னைத் தொடாத அம்மா நேற்று எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டாள். சிக்கு எடுக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சிரித்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் மாமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்து, பதினொன்று இரண்டு நாளும் எனக்குச் சென்னையில் மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். அந்தப் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை நீங்கள் வங்கிக்கு வந்துவிட்டால் போதும். அம்மா வந்து காத்திருப்பாள். நீங்கள் போட்டால் அவளும் போடுவாள்.

தாலி கட்டினபிறகு என்னைப் பயிற்சிக்கு அனுப்புவீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பீர்கள். யோசித்தால் நாள் போய்விடும்.

நல்ல மனைவியாக இருக்க முயற்சி செய்வேன். நீலச் சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள்.

செந்தமிழ்ச்செல்வி


கள்ளக்குறிச்சி
11 ஜூலை 2025

செல்வி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், இங்கே டவருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பரிசோதனையில் இருப்பவளை அழவைத்தால் கண் சிவந்துபோகும், டாக்டர் தப்பாக எழுதிவிடுவான். அதனால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சென்னையிலிருந்து வரும்போது ஜெராக்ஸ் கடையில் இருக்கும்.

கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டும். முதலில் அதைத் தெரிந்துகொண்டு மூச்சு விட்டுக்கொள். மேனேஜரம்மா உறுதிக் கடிதத்தை எங்கள் கண் முன்னாலேயே அனுப்பிவிட்டார்.

இனிமேல் நடந்ததைக் கேள். உன் கடிதத்தைச் சாலம்மாள் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். படித்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அந்தம்மா வந்து டீ கிளாஸைக் கையிலிருந்து வாங்கியது. இன்னாபா விஷயம் என்று கேட்டது. சொன்னேன். "கண்ணாலத்துக்குச் சரின்னு எழுதியிருக்கா, நீ இன்னாபா எழவு சேதி வந்தவனாட்டம் நிக்கற?" என்றது. எழவுச் சேதிதான். கையெழுத்து வேண்டுமென்றால் தன்னையே தரவேண்டும் என்று என் அக்கா பெண்ணை நினைக்க வைத்துவிட்டேனே. நான் என்ன மாட்டுத் தரகனா? சீட்டில் ஏறி உட்கார்ந்தும் டிராக்டர் சாவியைப் போடக் கை வரவில்லை.

நான் கேட்கச் சொன்னது கல்யாணத்தை இல்லை, கிறுக்கே. நம் வழியில் ஒரு பெண் முறைமாமனை விட்டு வெளியே போகிறாள் என்றால், போவதற்கு முன்னால் அவன் முன்னே வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து, "உரிமையை விட்டுக்கொடு" என்று கேட்பார்கள். அவன் தட்டை எடுத்துக்கொண்டால் விட்டுவிட்டான் என்று அர்த்தம். உன் ஒன்றுவிட்ட சின்னம்மா வெளியூரில் கட்டிக்கொண்டபோது மணிலாக் கொட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு மாமனைத் தேடிப்போய் வைத்தார்கள். குடிகாரனுக்குக்கூட வைப்பார்கள் செல்வி. எனக்கு ஒருத்தரும் வைக்கவில்லை. பரிசத்துக்கு முந்தின நாள் அந்தப் பஸ் ஸ்டாண்டில் இரண்டு வெற்றிலை வாங்கி என் கையில் வைத்து, "வுட்டுடு மாமா" என்று கேட்டிருந்தால், அந்தப் பைக்கிலேயே உன்னைச் சென்னை வரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பேன். விட்டிருப்பேனா என்று இப்போது சொல்வது சுலபம். விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் மலையிலிருந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு பழக்கடையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். எதிர்க் கடையில் ஒரு எவர்சில்வர் தட்டும் வாங்கி வங்கிக்குப் போனேன். அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நீலச் சட்டைதான். வேறு நல்லதாக இல்லை.

தட்டை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அந்தம்மா பதறிவிட்டார். "அய்யோ, இதெல்லாம் இங்க வெக்காதீங்க, கேமரா இருக்கு." "உங்களுக்கு இல்லீங்க மேடம், எனக்குத்தான்" என்றேன். வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை, அதனால் நானே வைத்தேன், நானே எடுத்துக்கொண்டேன். எடுத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்: "எக்கா, என் உரிமைய வுட்டுட்டேன். செல்வி எனக்கு அக்கா பொண்ணு. அவ்ளோதான். கண்ணாலம் கெடயாது. கையெழுத்து மட்டும் போடு."

அக்கா என்னை அறைந்தாள்.

வங்கி பூராவும் திரும்பிப் பார்த்தது. டோக்கன் மெஷின்கூட ஒரு நிமிஷம் நின்றமாதிரி இருந்தது. எனக்கு வலிக்கவில்லை. சோறு ஊட்டின கைதானே. அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான் செத்தா உனக்கு ஆருடா இருக்கா? அந்த ஒரு பொண்ணையும் வானத்துக்கு அனுப்பிட்டு நீ மலையில கெடப்பியா?" என்று அழுதாள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலை வாரின இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. "நல்ல மனைவியாக இருக்க முயற்சி செய்வேன்" வரைக்கும் படித்தேன்.

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். அப்புறம் கேட்டாள்: "எங்கிட்ட சிரிச்சிக்கினு இல்லடா சொன்னா?"

எழுந்துபோய்ப் பேனாவை வாங்கினாள். போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள். வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

நீ நினைப்பதுபோல் நான் பெரிய மனசுக்காரன் இல்லை. மலைக்கே போய்விடுகிறேன். இனிமேல் கடிதம் எழுதாதே. வழியனுப்பவும் கூப்பிடாதே, வரமாட்டேன். முப்பத்தொரு வயது வரைக்கும் உனக்கு மாப்பிள்ளையாக இருந்தவன் வெறும் மாமனாக மாறுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். அந்த உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இன்னொரு தடவை நின்று கையை ஆட்ட என்னால் முடியாது.

நன்றாக ஓட்டு.

உன் தாய்மாமன்
தமிழரசன்


களமருதூர்
22 ஜூலை 2025

மாமா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் பேச்சைக் கேட்கிற பெண்ணாக நான் எப்போது இருந்தேன்?

பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். "ஆடியில எவளாவது நல்ல காரியத்துக்குக் கெளம்புவாளா?" என்று அம்மா திட்டிக்கொண்டே முறுக்கு சுடுகிறாள். சுவரைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள், இப்போது என்னைப் பார்த்தே திட்டுகிறாள். உங்களை அடித்த கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கையால் சாப்பிடும்போதெல்லாம் பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். மெஷின் காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கத்தினார். அப்போதும் எடுக்கவில்லை.

வெற்றிலை வைக்க எனக்குத் தெரியாமல் இல்லை மாமா. சின்னம்மா கல்யாணத்தில் அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு போனதே நான்தான். ஆனால் எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னொருவனைக் கட்டிக்கொண்டு போகிறவள்தான் வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். யாரையும் கட்டிக்கொள்ளாமல் போகிறவளும் வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதற்கு முன் நம் வீட்டில் அப்படி யாரும் போனதும் இல்லை.

நீங்களே வைத்து நீங்களே எடுத்துக்கொண்டது செல்லாது. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். அவளே கள்ளக்குறிச்சி போய் வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். "எளசாப் பாத்து எடுத்தேன். அவனுக்கு முத்தின வெத்தலன்னா கசக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில், நீங்கள் இளநீர் வாங்கிக் கொடுத்த அதே இடத்தில், நானும் அம்மாவும் தட்டோடு நிற்போம். திங்கட்கிழமை காலை நான் பயிற்சி இடத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை பேர் அழுததும் வீண். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன தடவை உங்களிடம் சொல்லாமல் ஏறினேன். இந்தத் தடவை நீங்கள் தட்டை எடுத்து, நான் "போய்ட்டு வரேன் மாமா" என்று சொல்லி, அதை நீங்கள் காதால் கேட்டபிறகுதான் ஏறுவேன். முதல் பஸ் போனால் அடுத்த பஸ் இருக்கிறது. அதுவும் போனால் சாயங்காலம் ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஏறமாட்டேன்.

செல்வி